மிஷன் கொலேஜில் நேர்சிங் பட்டம்: மட்டக்களப்பு, அம்பாறைப் பிள்ளைகளுக்குச் சரிவருமா?

"மிஷன் கொலேஜ்தானே, பயமில்லாம அனுப்பலாம்." உயர்தர முடிவு வந்த கையோடு கல்லடியிலும் கல்முனையிலும் கேட்கிற பேச்சு இது. இந்த நம்பிக்கை சும்மா வந்ததல்ல. வில்லியம் ஓல்ட் பாதிரியார் 1814 இல் மட்டக்களப்பில் தொடங்கிய பள்ளிக்கூடம்தான் இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி. மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்துத் தலையெடுத்த குடும்பங்கள் இங்கே எல்லாச் சமூகத்திலும் உண்டு. ஆனால் அந்த மதிப்பை அப்படியே தூக்கி ஒரு நேர்சிங் பட்டப்படிப்பின் மேல் வைக்க முடியாது. நேர்சிங் படிப்பில் பெரும்பங்கு வாட்டில் நடக்கிறது. ஆஸ்பத்திரி நல்லதென்றால் படிப்பு நல்லது. ஆஸ்பத்திரி காற்று வாங்கினால், சிற்றாலயம் எவ்வளவு அழகாக இருந்தும் பிரயோசனமில்லை.

இங்கே பார்க்கப்போவது, நம் பக்கத்துப் பிள்ளைகள் அதிகம் விசாரிக்கிற ஒன்று: இந்தியாவில் திருச்சபைகள் நடத்துகிற நான்கு வருட பி.எஸ்ஸி. நேர்சிங். முடிவை முதலே சொல்லிவிடலாம். பெரிய ஆஸ்பத்திரி கூடவே இருக்கிற பழைய மிஷன் கல்லூரிகளில் வாட்டுப் பயிற்சி முதல்தரம். விடுதிக் கட்டுப்பாடு தேவைக்கு மிஞ்சியது. கடதாசி வேலையோ கவனமில்லாதவரைக் காலைவாரிவிடும். மிஷன் என்ற பெயரை மட்டும் வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரியே இல்லாமல் வேறு ஆஸ்பத்திரிகளுக்குப் பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்றி அனுப்புகிற இடங்களும் இருக்கின்றன. முகவர்கள் கொண்டுவரும் வண்ணப் புத்தகத்தில் இரண்டும் ஒரேமாதிரித்தான் தெரியும்.

வெளியே போகுமுன் ஊரில் இருப்பதைப் பார்த்துவிடுங்கள். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுகாதார பராமரிப்பு விஞ்ஞானங்கள் பீடம் மட்டக்களப்பிலேயே நான்கு வருட தாதியியல் பட்டம் தருகிறது. கல்விக்கட்டணம் இல்லை, பயிற்சி போதனா வைத்தியசாலையில். இசட் ஸ்கோர் அதற்குப் போதாவிட்டால், வர்த்தமானியில் விண்ணப்பம் கோரும் அரசாங்கத் தாதியர் கல்லூரிகள் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இருக்கின்றன. மூன்று வருட டிப்ளோமா, படிக்கும்போதே கொடுப்பனவு. வேலைக்குப் போனபின் திறந்த பல்கலைக்கழகத்தில் பட்டமாக உயர்த்திக்கொள்ளலாம். பதிவுபெற்ற தாதியருக்கென்றே அங்கே நேர்சிங் பட்டம் இருக்கிறது. காணியை ஈடுவைத்துக் காசு புரட்ட வேண்டிய குடும்பத்துக்கு இந்தச் சுற்றுவழிதான் எங்கள் சிபாரிசு. பட்டம் பிந்தும், கடன் ஏறாது. இந்த இரண்டு கதவும் மூடிய பிறகும் நேர்சிங்தான் வேண்டும் என்று நிற்கிற பிள்ளைக்கும், வளைகுடாவோ பிரித்தானியாவோ என்று முன்னமே தீர்மானித்த பிள்ளைக்கும்தான் மீதி எழுதப்படுகிறது.

சேரும் தகுதியில் நம் பிள்ளைகள் மாட்டுப்படுகிற இடம் இரண்டு. இந்திய நேர்சிங் கவுன்சில் விதிப்படி பௌதிகவியல், இரசாயனவியல், உயிரியல் மூன்றும் வேண்டும், சேர்த்து 45 சதவீதம் வேண்டும், ஆங்கிலமும் தேறியிருக்க வேண்டும், வயது 17 நிரம்பியிருக்க வேண்டும். நம்மூரில் உயிரியல் பிரிவில் பௌதிகவியலுக்குப் பதில் விவசாய விஞ்ஞானம் எடுத்தவர்கள் ஏராளம். இலங்கையில் அந்தச் சேர்க்கை செல்லும். அங்கே பௌதிகவியல் இல்லையென்றால் விண்ணப்பம் அந்த இடத்திலேயே நின்றுவிடும். முகவர் "அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்று முற்பணம் வாங்கினால், பிறகு பார்த்துக்கொள்ள வேண்டியவர் நீங்கள்தான். இரண்டாவது, பொது ஆங்கிலம். இசட் ஸ்கோருக்குச் சேராத பாடம் என்று பரீட்சை மண்டபத்துக்கே போகாமல் விடுகிறார்கள். சான்றிதழில் அந்த வரி வெறுமையாக இருந்தால் ஆங்கிலத் தகுதியை வேறு வழியில் நிரூபிக்கச் சொல்வார்கள். இப்போது உயர்தரம் படிக்கிறவர்கள் இந்த ஒன்றையாவது மனதில் வையுங்கள்: பொது ஆங்கிலப் பரீட்சையை எழுதுங்கள்.

நம் உயர்தரச் சான்றிதழில் ஏ, பி, சி, எஸ் என்ற எழுத்து மட்டும்தான், புள்ளி கிடையாது. 45 சதவீதத்தை அதிலிருந்து எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்று கல்லூரியிடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலை வைத்திருங்கள். நம் உயர்தரம் அங்கத்தைய பன்னிரண்டாம் வகுப்புக்குச் சமம் என்ற சான்று, டெல்லியிலுள்ள இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கத்திடமிருந்து வர வேண்டும். பரீட்சைத் திணைக்களத்தின் ஆங்கிலப் பெறுபேற்றுச் சான்றிதழ், ஆங்கில மொழிபெயர்ப்போடு பிறப்புச் சான்றிதழ், இரண்டுக்கும் வெளிநாட்டமைச்சின் கொன்சியூலர் பிரிவின் அத்தாட்சி, பிறகுதான் அந்தச் சமநிலைச் சான்று. ஒன்றின்பின் ஒன்றாக நடக்கிற வேலை, ஒரேநேரத்தில் நடத்த முடியாது. சான்றிதழிலும் பாஸ்போர்ட்டிலும் பெயரின் ஆங்கில எழுத்து வேறுபட்டால் எல்லாம் முதலிலிருந்து. தகப்பன் பெயர் முன்னுக்கு வருகிற நம் பெயர்களில் இந்தச் சிக்கல் கட்டாயம் வரும். பாஸ்போர்ட் எடுக்கும் முன்பே சான்றிதழைப் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள்.

இனி, பட்டம் யாருடையது என்ற கேள்வி. "மிஷன் யுனிவர்சிற்றி" என்று நம்மவர்கள் சொல்வதில் பாதிக்குமேல் பல்கலைக்கழகமே அல்ல, மாநிலப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரி. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியை (சி.எம்.சி.) எடுங்கள். அமெரிக்க மிஷன் டாக்டர் ஐடா ஸ்கடர் 1900 இல் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய இடம். 1909 இல் தாதியர் பள்ளி, 1946 இல் பி.எஸ்ஸி. நேர்சிங், இந்தியாவின் முதல் நேர்சிங் பட்டப்படிப்புகளில் ஒன்று. ஆனால் அங்கே படித்து முடிப்பவரின் கையில் வரும் பட்டத்தில் இருப்பது தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பெயர். கத்தோலிக்கர் நடத்தும் பெங்களூர் சென்ட் ஜோன்சுக்கு அதேபோல ராஜீவ் காந்தி சுகாதார விஞ்ஞானப் பல்கலைக்கழகம். இதில் குறையொன்றும் இல்லை. திரும்பி வந்தபின் நம் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு, சர்வதேசப் பல்கலைக்கழகப் பட்டியல்களில் தேடிப் பார்ப்பது பட்டம் வழங்கிய பல்கலைக்கழகத்தின் பெயரைத்தான். ஆகவே நீங்களும் அந்தப் பெயரைத்தான் விசாரிக்க வேண்டும். தானே பட்டம் வழங்குகிற மதசார்புப் பல்கலைக்கழகம் என்றால் இன்னும் கவனம். பல்கலைக்கழகத்துக்கு அங்கீகாரம் இருந்தால் மட்டும் போதாது. நேர்சிங் பாடநெறிக்கு அந்த மாநில நேர்சிங் கவுன்சிலின் அனுமதி, நீங்கள் சேர்கிற வருடத்துக்குரியதாகத் தனியே இருக்க வேண்டும்.

படிப்புக்குள் வருவோம். 2021 இல் வந்த புதிய பாடத்திட்டத்தோடு வருட முறை போய் எட்டு செமஸ்டர் ஆகிவிட்டது. செமஸ்டருக்கு 20 கிழமை, கிழமைக்கு 40 மணித்தியாலம். முதல் செமஸ்டரில் உடற்கூற்றியல், உடற்றொழிலியல், சமூகவியல், உளவியல், ஆங்கிலம், நேர்சிங் அடிப்படை. மருந்தியல் மூன்றாவதில் தொடங்குகிறது. மகப்பேறு ஆறிலும் ஏழிலும். எட்டாவது முழுக்க வாட்டு: 22 கிழமை, கிழமைக்கு 48 மணித்தியாலம். தமிழில் விஞ்ஞானம் படித்த நம் பிள்ளைகள் முதல் செமஸ்டரில் தடுமாறுவது பாடத்தால் அல்ல, சொற்களால். விளங்கிய விசயத்தைக்கூட ஆங்கிலத்தில் எழுதத் தெரியாமல் புள்ளி போகும். போகுமுன் கிடைக்கிற மாதங்களில் ஆங்கில இலக்கணத்தைவிட ஆங்கில உயிரியல் புத்தகத்தின் மனித உடல் அத்தியாயங்கள் அதிகம் கைகொடுக்கும்.

நல்ல மிஷன் ஆஸ்பத்திரியின் பெறுமதி தெரிவது இரண்டாம் வருட வாட்டில்தான். சேலைன் ஏற்றுவதை எடுத்துக்கொள்வோம். 500 மில்லிலீற்றர், நான்கு மணித்தியாலம், ஒரு மில்லிலீற்றருக்கு 20 துளி விழுகிற குழாய். 500 ஐ 20 ஆல் பெருக்கி 240 நிமிடத்தால் வகுத்தால் 41.7, அதாவது நிமிடத்துக்கு 42 துளி. பரீட்சைத்தாளில் இவ்வளவும்தான். வாட்டிலோ, அலுமாரியில் 15 துளிக் குழாயும் 60 துளி நுண்குழாயும் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும். 15 துளிக் குழாயில் அதே 42 ஐ வைத்தால் போத்தல் மூன்று மணித்தியாலத்தில் காலி. இருதய வருத்தம் உள்ள வயதானவருக்கு நெஞ்சில் தண்ணீர் கட்டும். 60 துளிக் குழாயில் வைத்தால் மணிக்கு 42 மில்லிலீற்றர் மட்டும் போகும், தேவையில் மூன்றிலொரு பங்கு. நல்ல வாட்டில் சிஸ்டர் மாணவியிடம் முதலில் கேட்பது கணக்கை அல்ல, குழாய் வந்த பக்கெட்டை. அதில் அச்சடித்த எண்ணை வாசிக்கச் சொல்லி, பிறகு மணிக்கூட்டைப் பிடித்து ஒரு முழு நிமிடம் துளி எண்ண வைத்து, நோயாளி கையை மடக்கினால் எண்ணிக்கை மாறுவதைக் காட்டி, அதற்குப் பிறகுதான் பதிவுப் புத்தகத்தில் ஒப்பம். இப்படிப் பிடித்துச் சொல்லிக்கொடுக்க ஆளும் நேரமும் இருக்கிற இடம்தான் நீங்கள் கட்டும் காசுக்குப் பெறுமதி. பிரஷர் பார்ப்பதிலும் இதே கதை. பருத்த கைக்குச் சின்னப் பட்டியைச் சுற்றினால் பிரஷர் கூட்டித்தான் காட்டும். காற்றுப் பையின் நீளம் கைச்சுற்றளவில் 80 சதவீதம், அகலம் 40 சதவீதம் வர வேண்டும், காற்றை வினாடிக்கு 2 இலிருந்து 3 மில்லிமீற்றராக இறக்க வேண்டும் என்பதைப் புத்தகம் சொல்லும். வாட்டில் மூன்று அளவுப் பட்டியும் இருக்கிறதா என்பதைப் புத்தகம் சொல்லாது.

இதைத் தூர இருந்தே எப்படித் தெரிந்துகொள்வது? ஆஸ்பத்திரி கல்லூரியின் சொந்தமா, எத்தனை கட்டில், அதில் சராசரியாக எத்தனை நிரம்பியிருக்கிறது, ஒரு வாட்டில் ஒரேநேரத்தில் எத்தனை மாணவர், அவர்களோடு நிற்கும் ஆசிரியர் எத்தனை பேர். கவுன்சில் கேட்பது குறைந்தது 100 கட்டில் உள்ள சொந்த ஆஸ்பத்திரியும், ஒரு மாணவருக்கு மூன்று நோயாளிகளும். கட்டில் எண்ணிக்கையை எல்லாரும் பெருமையாகச் சொல்வார்கள். நிரம்பிய கட்டிலைக் கேட்டால்தான் பதில் இழுபடும். அங்கே இப்போது படிக்கிற மூன்றாம் வருடப் பிள்ளையிடம் "இதுவரை நீ தனியாக எத்தனை பேருக்கு சிறுநீர்க் குழாய் போட்டாய்" என்று கேட்டுப் பாருங்கள். ஒரு மணித்தியாலக் கல்லூரி வீடியோ சொல்லாததை அந்த ஒற்றைப் பதில் சொல்லிவிடும்.

வரவு விசயத்தில் சறுக்குகிறவர்கள் அதிகம். பரீட்சைக்கு இருக்க 80 சதவீதம் போதும். ஆனால் பட்டம் கையில் வர வாட்டுப் பயிற்சி 100 சதவீதம் நிரம்ப வேண்டும். கொப்புளிப்பான் வந்து படுத்த நாட்களும் திருவிழாவுக்கு ஊருக்கு வந்து பிந்திய நாட்களும் பிறகு லீவில் நின்று ஈடுசெய்யப்பட வேண்டியவை. பதிவுப் புத்தகத்தில் ஒப்பத்தைக் கடைசியில் மொத்தமாக வாங்கலாம் என்று விட்டால், ஒப்பம் வைக்க வேண்டிய சிஸ்டர் வேலைமாறிப் போயிருப்பார். அன்றைய வேலைக்கு அன்றே வாங்குங்கள்.

மதம். இதைப்பற்றித்தான் பெற்றோர் தயங்கித் தயங்கிக் கேட்கிறார்கள். காலைச் செபக்கூட்டம் பெரும்பாலான இடங்களில் எல்லாருக்கும் பொது. கேட்க வேண்டியது, அங்கே இருந்தால் போதுமா, பங்குபற்றவும் வேண்டுமா என்பது. முதலாவதில் யாருக்கும் சிக்கல் இல்லை. திருநீறு பூசிய பிள்ளையும் முக்காடு போட்ட பிள்ளையும் பின்வரிசையில் அமைதியாக இருந்து போகிறார்கள். காத்தான்குடி, ஏறாவூர், சம்மாந்துறைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அதைவிடப் பெரிய விசயம் சீருடை. முழங்கைக்குக் கீழே துணி இருக்கக்கூடாது என்ற விதி பல வாட்டுகளில் உண்டு. அது மதத்துக்கு எதிரானதல்ல, கைகழுவலுக்கானது. நனைந்த கைத்துணி ஒரு கட்டிலிலிருந்து அடுத்த கட்டிலுக்குக் கிருமியைக் காவும். சில இடங்களில் பாவித்தபின் வீசுகிற கைமறைப்பைத் தருகிறார்கள், சில இடங்களில் மறுக்கிறார்கள். தலைமறைப்பைக் கழுத்துக்குள் செருகி ஊசி குத்தாமல் போட அனுமதி இருக்கிறதா, சத்திரசிகிச்சைக் கூடத்தில் முழுத் தலையுறை தருகிறார்களா, நோன்பு மாதத்தில் இரவுக் கடமையை மாற்றிக் கேட்கலாமா, விடுதிச் சாப்பாட்டில் ஹலால் உண்டா. இவற்றைச் சேருமுன் எழுத்தில் கேட்பதில் கூச்சம் வேண்டாம். சேர்ந்தபின் கேட்டால் "எல்லாருக்கும் ஒரே சட்டம்" என்ற பதில்தான் வரும்.

கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு வேறொரு பொறி. திருச்சபையின் சிபாரிசுக் கடிதத்தோடு விண்ணப்பித்தால் ஒதுக்கீட்டில் இடம் கிடைக்க வாய்ப்புக் கூடும். மட்டக்களப்பு 2012 இலிருந்து தனி மறைமாவட்டம் என்பதால் கத்தோலிக்கர் திருகோணமலைக்கு அலையத் தேவையில்லை. ஆனால் இந்தக் கடிதம் பல இடங்களில் வெறும் நற்சான்று அல்ல. படித்து முடித்தபின் சிபாரிசு செய்த சபை காட்டுகிற ஆஸ்பத்திரியில் குறிப்பிட்ட காலம் சேவை செய்வதாக ஒப்புக்கொள்வதும் அதில் அடங்கும். எத்தனை வருடம், எந்த நாட்டில், சம்பளம் என்ன, முறித்தால் எவ்வளவு கட்ட வேண்டும் என்ற நான்கும் பத்திரத்தில் இருக்க வேண்டும். அசல் சான்றிதழ்களைப் பிடித்துவைப்பதும் நடக்கிறது. கல்வி நிறுவனங்கள் அசலைத் தங்களிடம் வைத்திருக்கக்கூடாது என்று இந்தியப் பல்கலைக்கழக மானியக் குழு 2018 இல் அறிவித்திருக்கிறது. சரிபார்க்கக் கொடுங்கள், அன்றே திருப்பி வாங்குங்கள்.

விடுதி பற்றி நீட்டத் தேவையில்லை. கைபேசிக்கு நேரம், வெளியே போக ஞாயிறு, வந்து பார்க்க உள்ளூர்ப் பாதுகாவலர். இந்தப் பாதுகாவலர் விசயம்தான் நம்மவருக்குக் கஷ்டம், அந்த ஊரில் சொந்தக்காரர் இல்லாதவர்களுக்கு. சபை மூலம் ஒருவரைக் கல்லூரியே ஒழுங்குசெய்து தருமா என்று கேளுங்கள். பத்தொன்பது இருபது வயதுப் பெண்ணை நிலவறையில் வைத்ததுபோல வைத்தால்தான் ஒழுக்கம் வருமென்பது எங்களுக்கு உடன்பாடில்லை. ஆனால் அது தெரிந்துதான் பெற்றோர் காசு கட்டுகிறார்கள்.

காசு: "வருடத்துக்கு இவ்வளவு" என்று ஒற்றைத் தொகை சொல்பவரிடம், அதில் என்ன அடங்கவில்லை என்று கேளுங்கள். பல்கலைக்கழகப் பதிவு, ஒவ்வொரு செமஸ்டர் பரீட்சைக் கட்டணம், சாப்பாடு, சீருடை, காப்புறுதி, வெளிநாட்டவர் ஒதுக்கீட்டு மேலதிகம் எல்லாம் தனித்தனியாக வரும். டொலரில் கட்ட வேண்டியிருந்தால் நான்கு வருடத்து நாணய மாற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். 2022 இல் ரூபா விழுந்தபோது நடுப்படிப்பில் நின்ற குடும்பங்களுக்கு இது விளங்கப்படுத்தத் தேவையில்லை.

மொழியையும் யோசியுங்கள். வேலூரில் தமிழ் இருக்கிறது. ஆனாலும் வங்காளத்திலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் நோயாளிகள் வந்து குவிவதால் கொஞ்சம் ஹிந்தி இல்லாமல் வாட்டில் சமாளிப்பது கஷ்டம். பெங்களூர் என்றால் கன்னடம். நோவு எங்கே என்று கேட்கத் தெரியாதவர் மனநல வாட்டில் வெறுமனே நிற்க வேண்டிவரும். ஊருக்குத் திரும்பி அம்பாறை ஆஸ்பத்திரியில் வேலை செய்வதென்றால் சிங்களம் வேண்டும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

முடித்தபின் நேரே விமானம் ஏற வேண்டாம். முதலில் அந்த மாநில நேர்சிங் கவுன்சிலில் பதிவு. அது இல்லாமல் வெறும் பட்டத்தோடு வந்தால் வளைகுடாவுக்கோ பிரித்தானியாவுக்கோ விண்ணப்பிக்கும்போது திரும்ப அலைய வேண்டும். பிரித்தானியாவுக்கு ஐ.ஈ.எல்.ரி.எஸ். ஆங்கிலப் பரீட்சையில் வாசிப்பு, கேட்டல், பேச்சில் 7, எழுத்தில் 6.5 வேண்டும். இலங்கையில் வேலை செய்ய, 1988 இன் 19 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் இலங்கைத் தாதியர் பேரவையின் பதிவு வேண்டும். பாட மணித்தியாலங்களும் வாட்டு மணித்தியாலங்களும் விவரமாக உள்ள பெறுபேற்று அறிக்கையைக் கல்லூரியை விட்டு வரும்போதே மூன்று நான்கு பிரதி, முத்திரையிட்ட உறையில் வாங்கி வாருங்கள். அரசாங்க நியமனம் தானாக வரும் என்று சொல்கிற முகவரை நம்ப வேண்டாம். வெளிநாட்டுப் பட்டத்தோடு வருகிறவர்கள் பெரும்பாலும் தனியார் ஆஸ்பத்திரியில் தொடங்கித்தான் மேலே போகிறார்கள்.

போவதாக முடிவெடுத்துவிட்டால் முதல் வேலை ஹெபடைடிஸ் பி ஊசி. இன்று ஒன்று, ஒரு மாதத்தில் ஒன்று, ஆறாம் மாதத்தில் ஒன்று. கடைசி ஊசிக்கு ஒன்றிரண்டு மாதம் கழித்து இரத்தத்தில் எதிர்ப்பாற்றல் அளவு மில்லிலீற்றருக்கு 10 mIU அல்லது அதற்குமேல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதாவது உயர்தரப் பரீட்சை முடிந்த உடனே தொடங்கினால்தான் வாட்டுக்குள் போகும்போது முடிந்திருக்கும். கொப்புளிப்பான் வராதவர்கள் அதற்கும் இரண்டு ஊசி. விடுதியில் ஒருவருக்கு வந்தால் அறை முழுக்கப் படுக்கும், வாட்டு நாட்களும் போகும். அங்கே இறங்கிய 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் இணையம் வழியாகப் பதிய வேண்டும். அதற்குக் கல்லூரியின் மாணவர் சான்றும் விடுதியின் தங்குமிடச் சான்றும் தேவை. அறிமுக வாரத்தின் ஆரவாரத்தில் அலுவலகத்தில் ஆள் பிடிப்பது கஷ்டம், முதல் நாளே கேட்டு வாங்கிவிடுங்கள்.